தண்ணீர் போன வழி

ஒரு குளியலறையில் தண்ணீர் வெளியே போக ஒரு ஓட்டை போதும். பலாபத்வலையில் ஸெய்னுலாப்தீன் வாங்கிய வீட்டில் இரண்டு இருந்தன. ஒன்று எல்லா வீடுகளிலும் இருப்பதுபோலச் சுவர் மூலையில், துளைபோட்ட தகரத்தட்டு மூடியபடி. மற்றது தரையின் நடுவில். நாலு பக்கத்துத் தரையும் அந்த நடு ஓட்டையை நோக்கித்தான் சரிந்திருந்தது. ஆனால் அதை யாரோ சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைத்திருந்தார்கள். மேசன் அடைத்திருந்தால் கரண்டி இழுத்த கோடு தெரியும். இதில் விரல் பதிந்த தடங்கள்தான் தெரிந்தன, ரொட்டி மாவை ஓரம் அமுக்கினமாதிரி, நெருக்கமாக, வெகு அக்கறையாக.

வீடு பார்க்க வந்த அன்று அவன் கண்ணில் இதெல்லாம் படவில்லை. வீட்டோடு ஒட்டிய குளியலறை, மலை ஊற்றுப் பீலியிலிருந்து இரும்புக் குழாயில் வந்து சீமெந்துத் தொட்டியில் நாள் முழுக்க விழும் தண்ணீர், வாசலில் இறங்கினால் பஸ் ரோடு, இவைதான் பட்டன. ஆசைப்பட்டவனுக்குக் கண் இரண்டும் முன்னால் மட்டும்தான் பார்க்கும்.

அவனுடைய ஆசையிலும் நியாயம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து மாத்தளை டவுனில் மாமி கைறுன்னிஸாவின் வீட்டில்தான் குடியிருந்தான். மாப்பிள்ளை பெண்வீட்டில் வாழ்வது அந்தக் குடும்பத்து வழக்கம். அதில் அவனுக்குக் குறை ஒன்றுமில்லை, மாமியின் வாயைத் தவிர. இப்போது ஹவ்வாவுக்குப் பெண்பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழியப்போகிறது. தலைக்குளிப்பு முடிந்ததும் மனைவியையும் பிள்ளையையும் தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும், தன் வீட்டில் தன் பிள்ளையைத் தான் தூக்க வேண்டும் என்று அவன் தவித்துக்கொண்டிருந்தான். மாமி ஒருநாள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். குளியலறையில் கால் கழுவினாள். மூலை ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் மேலே வந்து அவள் சேலைக்கரையை நனைத்துவிட்டது.

“கூட்டிட்டுப் போங்க மருமகன், நான் வேணாண்டா சொல்றேன்?” என்றாள், சேலையைப் பிழிந்துகொண்டே. “ஆனா என்ட மகள் ஊத்தத் தண்ணியில நின்டு குளிக்க மாட்டா. இது சரிவராட்டி தாயும் புள்ளையும் எங்களோடதான் ஈப்பாங்க. நம்மட மேசன் பாஸ அனுப்பவா?”

“வேணாம் மாமி. நானே செஞ்சிடுவேன்.”

மாமி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு ரோசம் வந்திருக்காது.

ஏலம், மிளகு, கராம்பு வியாபாரிக்குக் குழாய் வேலை என்ன தெரியும்? மூங்கில் கழியை விட்டுக் குத்தினான். கழி உள்ளே முறிந்து அங்கேயே தங்கிவிட்டது. முறிந்த கழியை எடுக்க வேலிக்கம்பியை வளைத்து விட்டான். கம்பியும் மாட்டிக்கொண்டது. கொதிநீர் ஊற்றினான், அது கால் விரலில்தான் பட்டது. சோடாக் காரத்தூளைக் கொட்டிவிட்டுக் குனிந்து பார்த்துக் கண்ணெல்லாம் எரிந்து, தொட்டிக்குள் முகத்தை அமிழ்த்தி வைத்துக்கொண்டு நின்றான். கடைசியில் அலவாங்கை, அந்த இரும்புக் கடப்பாரையை, எடுத்துச் சுவருக்கு வெளியே தோண்டினான். மண் குழாய் முழுவதையும் பலாவேர் நொறுக்கிப் பின்னிக்கிடந்தது. ரோட்டுச் சாக்கடைக் கான் வரைக்கும் தோண்டி மாற்ற வேண்டும். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் நடுவிலிருந்த அந்த அடைப்பைப் பார்த்தான். தரையே அதை நோக்கிச் சரிந்திருக்கும்போது, இத்தனை நாளாக மூலையில் போய்க் குத்திக்கொண்டிருந்த தன் மூளையை நினைத்து அவனே தலையில் அடித்துக்கொண்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் கதை அவனுக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஊதுகிற நேரத்தில் யாருக்கு அது நினைவுக்கு வருகிறது?

அலவாங்கு இரண்டு மூன்று முறை விழுந்ததும் சாந்து உடைந்து உள்ளே போனது. எங்கோ வெகு ஆழத்தில் தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஓட்டையிலிருந்து ஒரு மூச்சு வந்தது. மூச்சு என்றுதான் சொல்ல வேண்டும், அது வெதுவெதுப்பாக இருந்தது. மூட்டையைப் பிரிக்காமலே ஏலத்தின் ஊரைச் சொல்லக்கூடிய மூக்கு அவனுடையது. அந்த மூக்கு முதலில் கற்பூரத்தைப் பிடித்தது. அதற்கு அடியில் ஊறி அழுகிய இலை. அதற்கும் அடியில், இனிப்புப் போல, கெட்டுப்போன நெய் போல ஒன்று. அதற்கு அவனிடம் பெயர் இல்லை. பூட்டிக் கிடந்த குழாய் அப்படித்தான் நாறும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான்.

மடக் மடக்கென்று குடித்தது. தாகமெடுத்தவன் குடிப்பதுபோல, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல். அவன் வாய்விட்டுச் சிரித்தான். வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தான். அன்று பின்னேரமே மூலை ஓட்டையைச் சீமெந்து போட்டு ஒரேயடியாக மூடிவிட்டான். தண்ணீருக்கு இனி ஒரே வழி.

மறுநாள் காலையில் தரை முழுக்க வழுவழுவென்று ஒரு படலம் படிந்திருந்தது. ஆறிப்போன பாலில் ஆடை கட்டுவதுபோல, ஆனால் சாம்பல் நிறத்தில். கால் வைத்ததும் விரல் இடுக்குகளில் ஏறிக்கொண்டது. ஓட்டை பாதி அடைபட்டிருந்தது. கையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு முழங்கைவரை விட்டான். உள்ளே குழாயின் சுவர் மெதுமெதுவென்று இருந்தது. நுங்குச் சதையைத் தொட்டதுபோலக் கை கூசியது. விரலில் ஏதோ சுற்றியது. இழுத்தான். கறுத்துக் கூழான ஒரு கொத்து பொளக்கென்று வெளியே வந்து அவன் காலில் விழுந்தது.

இலைகள். நாறிப்போயும் உரு மாறாத சின்ன வட்ட இலைகள், ஒவ்வொன்றிலும் மூன்று நரம்பு. இலந்தை இலை. லக்கலைப் பக்கத்து வறண்ட காட்டில் இருக்கும் மரம், பலாபத்வலையில் அவன் ஒன்றையும் கண்டதில்லை. இலைகளோடு தேய்ந்த சவர்க்காரத் துண்டுகள். எல்லாவற்றையும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது மயிர். நீள நீளமான பெண்களின் மயிர். கறுப்பு, நரை, மருதாணி போட்ட சிவப்பு, பிள்ளைகளுக்கு இருப்பதுபோல மெல்லிய செம்பட்டை. ஒருத்தியின் தலையில் இத்தனை நிறம் இருக்காது. அப்படியே குந்திக் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தான். அதையும் அந்த ஓட்டை மடக்கென்று குடித்தது.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான். தேசிக்காயைப் பிழிந்து தேய்த்தான். சாம்பலால், பிறகு லாம்பெண்ணெயால் தேய்த்தான். கை சிவந்து தோல் உரிந்ததே தவிர மணம் போகவில்லை. கடையில் பகல் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனான். சோற்றிலும் அந்தக் கெட்ட நெய் வாடை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு ஏல மூட்டைக்குள் முகத்தைப் புதைத்தான். ஒரு மணமும் இல்லை. மிளகுக்கும் இல்லை, கராம்புக்கும் இல்லை. அவனுக்குச் சோறு போட்ட மூக்கில் அந்த ஒரே நாற்றம்தான் குடியிருந்தது. அருவருப்பில் தன் கையைத் தன் உடம்போடு சேர்த்து வைக்கக்கூட அவனுக்குப் பிடிக்கவில்லை.

அஸர் தொழுகைக்கு வுளூ எடுக்க வீட்டுத் தொட்டியில் தண்ணீர் அள்ளினான். பீலியிலிருந்து வரும் பச்சைத் தண்ணீர், அதற்கும் ஓட்டைக்கும் தொடர்பே இல்லை. வாய் கொப்பளித்தான். நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. விரலால் பிடித்து இழுத்தான். மயிர். இழுக்க இழுக்க வந்தது. தொண்டைக்குள்ளிருந்து வருவதுபோல உள்ளே கூசிக்கொண்டே, முழ நீளத்துக்கு வந்து முடிந்தது. நுனியில் மருதாணிச் சிவப்பு.

பள்ளிவாசல் மோதினார் முத்தலிப் நானா அந்த நேரத்தில்தான் புதுக் குடிக்கு ஸலாம் சொல்ல வந்தார். பிள்ளை வரப்போகிற வீட்டைக் காட்டுவதில் ஸெய்னுலாப்தீனுக்கு அந்த நிலையிலும் ஒரு பெருமை. அறை, குசினி எல்லாம் காட்டிவிட்டுக் குளியலறைக் கதவைத் திறந்தான். முத்தலிப் படியில் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“தம்பி, அந்த நடு ஓட்டைய யார் தொறந்த?”

“நான்தான், முத்தலிப் நானா. மத்தது அடைச்சிக்கிட்டிச்சி. இதுல தண்ணி நல்லாப் போகுது.”

“போகும் தம்பி. போகத்தான் வெட்டினது.” அவர் குரல் இறங்கியது. “இது ஸைனம்பு லாத்தாட வீடு. எலந்த எலையும் கற்பூரமும் போட்டுப் பொம்பள மையித்து குளிப்பாட்டுற லாத்தா. மாத்தளை ஆஸ்பத்திரியில மௌத்தாகிற தூரத்துப் பொம்பளைகள், லக்கல, வில்கமுவ ஆக்கள், ரோடில்லாத ஊருக்கு எப்பிடிக் கொண்டு போற? இங்க கொண்டு வந்து குளிப்பாட்டி நம்மட பள்ளியிலதான் அடக்கின. மையித்து குளிப்பாட்டின தண்ணி கானுல போகப்படாது, ஆக்கள் மிதிக்கப்படாதுண்டு தனியா குழி வெட்டி, தனியா பைப்பு போட்டு வச்சிருந்தாங்க. வயசானதும் தன்ட கையாலயே சாந்து கொழச்சி அடச்சாங்க. இனி இத யாரும் தொறக்க வேணாம்டு மௌத்தாகு மட்டும் சொல்லிட்டு ஈந்தாங்க.”

ஸெய்னுலாப்தீன் தன் வலது கையைப் பார்த்தான். முழங்கைவரை பார்த்தான். செத்தவர்களைக் கழுவிய தண்ணீர் போன வழிக்குள் விட்ட கை.

“அந்த லாத்தாவ யார் குளிப்பாட்டின?” என்று எப்படியோ கேட்டான்.

முத்தலிப் தோள் துண்டைக் கையில் எடுத்தார். “தனிய ஈந்தவங்கதானே. இந்த ரூமுக்குள்ளேயே விழுந்து மௌத்தாகி, யாருக்கும் தெரியாது. வாட வந்த பொறகுதான் கதவ ஒடச்சோம். தொட்டா தோல் கையோட வருது. எப்பிடித் தண்ணி ஊத்துற? தயம்மம் செஞ்சி, மண்ணத் தொட்டுத் தடவித்தான் அடக்கினோம். ஊருல எல்லாருக்கும் தண்ணி ஊத்தின மனிசி, அவட ஒடம்புல ஒரு சொட்டுத் தண்ணி படல்ல.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சுண்ணாம்பு போட்டு அத மூடுங்க. மத்த வழிய வெட்டுங்க. லெப்பையக் கூப்பிட்டு ஓதிப்போம். அது வரைக்கும் பொஞ்சாதி புள்ளைய வர வேணாண்டு சொல்லி அனுப்புங்க. பச்ச ஒடம்புக்காரி.”

அவன் தலையாட்டினான். அன்று மாலை கையிருப்பில் இருந்த சீமெந்தைக் கெட்டியாகக் குழைத்து நடு ஓட்டையை அடைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொடாமல், பலகைத் துண்டால் அமுக்கினான். மேலே அம்மிக்கல்லை வைத்தான். கதவைச் சாத்தி வெளிக்கொண்டி போட்டான்.

காலையில் அம்மி சுவரோரம் தள்ளிக் கிடந்தது. சீமெந்து அடைப்பு உடையாமல், விரியாமல், போத்தல் தக்கையைப் போல முழுசாகத் தரையில் கிடந்தது. கழியால் புரட்டினான். அதன் அடிப்பக்கத்தில் விரல் தடங்கள். நெருக்கமாக, அக்கறையாக. சீமெந்து காய்வதற்கு முன்னால் கீழிருந்து அமுக்கியவை.

கதவைக்கூடப் பூட்டாமல் அவன் வீட்டைவிட்டு ஓடினான். ஓடினான் என்பதைவிடக் கால்கள் கொண்டுபோயின என்பது சரி. மாத்தளைக்குப் போய்ச் சுட்ட சுண்ணாம்பு ஒரு சாக்கு வாங்கினான். மாமியின் தெருமுனையில் நின்றான். உள்ளே போய், ஹவ்வா இப்போது வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏன் என்று மாமி கேட்பாள். மையித்துத் தண்ணீர் என்ற சொல் அவள் காதில் விழுந்தால் அந்த வீட்டு வாசலை ஹவ்வா இனி மிதிக்கவே மாட்டாள். பிள்ளை மாமியின் மடியில் வளரும், அவன் கூடத்தில் விருந்தாளியைப் போல உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். நாளைக்குத்தானே வருகிறாள், அதற்குள் மூடிவிடலாம் என்று சொல்லிக்கொண்டான். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தான். நினைத்தால் வயிறெரிகிறது, பத்து எட்டு நடந்திருந்தால் போதும்.

மழையில் பஸ் ஊர்ந்து வந்தது. வீட்டுக்கு வந்து சேரும்போது மஃரிபுக்கு இருட்டிக்கொண்டிருந்தது. படியில் ஹவ்வாவின் செருப்பு.

பிள்ளை அறைக்கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தது. குளியலறைக்குள் அரிக்கன் லாம்பு வெளிச்சம். தண்ணீர் விழும் சத்தம்.

“ஹவ்வா!”

“வந்துட்டீங்களா?” அவள் குரலில் அவ்வளவு சந்தோசம். “நேத்தே கிணத்தடியில தலைக்குளிப்பு முடிஞ்சிச்சி. இன்னும் ஒரு நாள் காத்துக்கிட்டு ஈக்க எனக்கு ஏலாது. உம்மா கேட்டடியிலேயே எறக்கி விட்டுட்டுப் போய்ட்டாங்க. தண்ணி போகாட்டி நாளைக்கே கார் அனுப்புவாங்களாம். ஆனா எவ்வளவு நல்லாப் போகுது! நீங்களா செஞ்சீங்க?”

வாயைத் திறந்தான். வெளியே வா, இப்பவே வா என்று சொல்ல வேண்டும். ஆனால் நீங்களா செஞ்சீங்க என்று அவள் கேட்ட கேள்வியில் அவன் நெஞ்சு ஒரு நொடி நிறைந்துவிட்டது. குளித்துவிட்டு வரட்டும், பிறகு சொல்வோம்.

“ஓ… நான்தான். கெதியா வா.”

சுண்ணாம்புச் சாக்கை இறக்கிவைத்தான். வாசற்படியில் உட்கார்ந்தான். மழை ஓட்டில் ஒரே சீராக விழுந்தது. உள்ளே தண்ணீர் வேறு சீரில் விழுந்தது. மெதுவாக. தலையிலிருந்து கால்வரை ஒழுங்காக ஊற்றுவதுபோல. பிறகு நின்றது. மறுபடியும் மெதுவாக. தானே குளிப்பவர்கள் அப்படி ஊற்றிக்கொள்வதில்லை. கற்பூர வாடை கதவிடுக்கால் வந்தது.

“வலது பக்கம் முதல்லயா?” என்றாள் ஹவ்வா உள்ளே. மெல்லிய சிரிப்பு. “சரி, சரி.”

அவன் எழுந்தான்.

“யாரோட பேசுற?”

“நீங்கதானே அனுப்பியீக்கி. இந்த லாத்தாவ. புள்ளப் பெத்தவளுக்குக் குளிக்க வாக்க.” குரல் தூக்கக் கலக்கமாக இருந்தது. “நல்ல கை. படுங்கண்டு சொல்றாங்க…”

“ஹவ்வா! வெளிய வா! கதவத் தொற!”

தண்ணீர். நின்றது. தண்ணீர். நின்றது. கதவின் அடியால் தண்ணீர் கூடத்துக்கு வந்தது. சாம்பல் நிறம். அதில் இலைகள். அவன் பாதத்தை மூடியது. கணுக்காலில் மயிர் சுற்றியது. உதறினான். மறுபடியும் சுற்றியது. தோளால் இடித்தான். உள்கொண்டி விடவில்லை. அலவாங்கு. எங்கே அலவாங்கு? சுவரோரம். எடுத்தான். நெம்பினான். கை வழுக்கியது. மறுபடி நெம்பினான்.

கதவு திறந்தது.

ஹவ்வா தரையில் கிடந்தாள். மல்லாக்க, நேராக. நெஞ்சிலிருந்து முழங்கால்வரை ஈரச்சீலை இழுத்துப் போர்த்தியிருந்தது. கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தன. தாடையைச் சுற்றித் தலைவரை ஒரு துணிக்கட்டு. தலைமயிரை மூன்றாகப் பிரித்து மூன்று பின்னல். மையித்துக்கு மட்டும்தான் அப்படிப் பின்னுவார்கள். உயிரோடு இருப்பவள் யாரும் பின்னிக்கொள்வதில்லை.

மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. அவனைப் பார்த்தாள்.

அறை முழுக்கத் தண்ணீர். அவள் தலைமாட்டில் மட்டும் தரை வறண்டிருந்தது. ஒருவர் சம்மணம் கட்டி உட்காரும் அளவுக்கு. தண்ணீர் அந்த இடத்தைச் சுற்றிப் போனது, தொடவில்லை.

கட்டிய தாடையைத் திறக்க முடியாமல், பல்லுக்குள்ளால் ஹவ்வா பேசினாள்.

“குளிப்பாட்டி முடிஞ்சிட்டாம். மொகம் பாக்கிறவங்க வந்து பாக்கலாமாம்.”

அவனுக்குப் பின்னால், கட்டிலில், பிள்ளை விழித்து அழுதது.

தலைமாட்டிலிருந்த வறண்ட இடத்தைத் தண்ணீர் மூடிக்கொண்டது. அதற்கு ஒரு எட்டு முன்னால், ஈரத்தில், ஒரு பாதத்தின் அளவுக்குத் தரை காய்ந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. அவன் நின்ற வாசலைத் தாண்டி, கூடத்துத் தண்ணீரில் ஒன்று. பிள்ளை அழுத அறையின் பக்கமாக இன்னொன்று.